கருவியின் ஆயுளுக்கும் பணம்

(கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சினிடையே வந்த கிளைச்செய்திகள் சுருக்கப்பட்டுள்ளன.)



மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களின் கருவிகளுக்கு அரசுப் பணம் எப்படி வர வேண்டும் என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன்; பொது நிதி எங்கிருந்து வருகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்ப்பது என் தொழில். இந்தத் தலைப்பைத் தில்லியில் பேசினால் கோடிகளின் பட்டியலாக முடிந்துவிடும். நெய்யூரில் அப்படி முடிக்க இயலாது. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே இங்கே வந்து லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அன்றிலிருந்து நின்றும் தொடர்ந்தும் நடந்துவரும் பணி இது. ஒரு சிற்றூர் மருத்துவமனை எப்போது ஆராய்ச்சி நிலையமாகிறது, எப்போது வெறும் கட்டடமாகச் சுருங்குகிறது என்று அறிய இதைவிட நல்ல இடம் தென்னாட்டில் குறைவு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கருவியை வாங்கிய நாளோடு அரசு தன் பங்கு முடிந்ததாக நினைக்கிறது. ஆனால் ஒரு கருவி உழைக்கப்போகும் ஆண்டுகள் முழுவதற்கும் அதை இயக்குகிறவர், பழுது பார்க்கிறவர், அது காட்டியதை எழுதி வைக்கிறவர் ஆகிய மூவருக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் கருவிக்கான பொதுநிதி. இதை ஐந்து கூறுகளாக விளக்குகிறேன்.

1. நெய்யூரின் முதல் ஆராய்ச்சிக் கருவி

1908ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், நெய்யூர் அடங்கிய தென்திருவிதாங்கூர் மருத்துவ மிஷனிலிருந்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆர்தர் ஃபெல்ஸ் எழுதியது: வாய்ப் புற்றுக்குச் செய்த 209 அறுவைச் சிகிச்சைகளின் ஆய்வு. மற்றது வில்லியம் பென்டால் எழுதியது: திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் தொகுப்பு. அன்றைய லண்டன் மருத்துவமனைகளிலும் வாய்ப் புற்று இத்தனை பேருக்கு வந்ததைப் பார்த்தவர்கள் அரியர். கன்னத்தின் உட்புறத்தில் நோய் குடிகொள்வதையும், அந்த இடத்தில்தான் மக்கள் முறுக்கானை, அதாவது மெல்லும் வெற்றிலைக் கலவையை, அடக்கி வைப்பதையும் இங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். 1933இல் இயன் ஓர் என்பவர் லான்செட் இதழில் திருவிதாங்கூரின் வெற்றிலை மெல்லுவோர், அவர்களுக்கு வரும் வாய்ப் புற்று, அதன் காரணம், சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி எழுதினார்.

இதன் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலையோடு மெல்லும் வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் அப்படியே என்று 2004இல் அறிவித்தது. அந்த நீண்ட சான்றுத் தொடரின் தொடக்கக் கண்ணிகளில் தென்திருவிதாங்கூர் நோயாளிகள் இருக்கிறார்கள்.

அந்த 1,700 பேரை எண்ணுவதற்கு எந்த இயந்திரம் தேவைப்பட்டது? ஒரு பதிவேடு. நோயாளியின் ஊர், வயது, தொழில், பழக்கம், புண் இருந்த இடம், சிகிச்சையின் முடிவு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஒரே ஒழுங்கில் எழுதிய கைகள். மிஷன் மருத்துவர் ஜான் லோ 1861இல் இங்கே வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு தொடங்கினார். அப்படிப் பழகியவர்களின் உழைப்பு இல்லாமல் ஒரு மிஷன் மருத்துவர் தனியாளாக 1,700 பேரின் விவரத்தைச் சேர்த்திருக்க முடியாது. அவர்கள் பெயர்கள் கட்டுரைகளின் தலைப்பில் இல்லை. இன்றைய நிதி விண்ணப்பங்களிலும் அந்த வேலைக்கு ஒரு வரி ஒதுக்கீடு இருப்பதில்லை. கருவி என்ற தலைப்பில் இயந்திரத்தைக் கேட்கலாம். எழுதி வைக்கிறவரைக் கேட்டால் அது ‘தொடர் செலவு’ என்று தள்ளப்படும்.

2. கருவி யாருடைய உடைமை?

எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் 1922 பயணத்துக்குப் பிறகு நெய்யூரைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு இங்கேயே வந்துவிட்டார். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய கதை அன்று. இன்றைய பேச்சுக்கு வேண்டியது வேறொன்று. அவர் காலத்தில் வாய்ப் புற்றுக்குக் கத்தியோடு ரேடியமும் பயன்பட்டது. ரேடியம் அன்றைய உலகின் மிக விலையுயர்ந்த பொருள்களில் ஒன்று. 1921இல் மேரி க்யூரிக்கு அமெரிக்கப் பெண்கள் சந்தா திரட்டி ஒரே ஒரு கிராம் வாங்கிக் கொடுத்தார்கள். விலை ஒரு லட்சம் டாலர். வெள்ளை மாளிகையில் அமெரிக்கத் தலைவர் ஹார்டிங் அதை வழங்கவிருந்தார். கொடைப்பத்திரத்தில் அது க்யூரியின் பெயருக்கு எழுதப்பட்டிருந்ததைக் கண்டதும் அம்மையார் ஒப்பவில்லை. தாம் இறந்தால் அது வாரிசுகளின் சொத்தாகிவிடும், ஆய்வகத்துக்கே சேர வேண்டும் என்று சொல்லி, விழாவுக்கு முன்பே பத்திரத்தைத் திருத்த வைத்தார்.

பொதுமக்கள் பணத்தில் வந்த கருவி பொதுமக்களுக்கே உரியது என்ற இந்த உணர்வு நம் நாட்டில் சட்டமாக்க முயன்ற ஒரு கட்டம் உண்டு. 1988இல் மத்திய அரசு 64/88 என்ற சுங்க அறிவிக்கையை வெளியிட்டது. வெளிநாட்டு மருத்துவக் கருவிகளை மருத்துவமனைகள் வரியின்றி இறக்குமதி செய்யலாம். பதிலுக்கு வெளிநோயாளிகளில் குறைந்தது 40 விழுக்காட்டினருக்கு இலவசச் சிகிச்சை தர வேண்டும். மாத வருமானம் 500 ரூபாய்க்கும் குறைந்த குடும்பத்தினருக்காகப் படுக்கைகளில் 10 விழுக்காட்டை ஒதுக்கி இலவசமாகப் பார்க்க வேண்டும். விட்டுக்கொடுத்த வரியும் பொதுப்பணந்தான். கஜானாவுக்கு வராமலே செலவாகிப்போன பணம். சலுகை 1994இல் முடிவுக்கு வந்தது. பிறகு 1996இல் மெடிவெல் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது: இலவசச் சிகிச்சை என்பது கருவி இறக்கிய நாளோடு தீர்ந்துபோகும் நிபந்தனை அன்று, தொடரும் கடமை, அதைச் செய்யாதவர்களிடம் விட்டுக்கொடுத்த வரியைத் திரும்பக் கேட்கலாம்.

தீர்ப்பின் தத்துவம் செம்மையானது. நடைமுறையில் அதைக் காவல் காக்க ஆள் இல்லை. எந்தக் கருவி எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேர் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. திருவிதாங்கூர் அரசு மிஷன் மருத்துவப் பணிக்கு மானியம் கொடுத்த காலம் உண்டு. அரசு சாராத நிறுவனத்துக்குப் பொதுப்பணம் தருவது நமக்குப் புதிதன்று, தவறும் அன்று. கொடுத்த பிறகு கேள்வி கேட்காமல் இருப்பதுதான் தவறு.

3. கோபால்ட் சொல்லும் கணக்கு

ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டு. ஒருமுறை வாங்கினால் மருத்துவமனையின் பேரன் பேத்தி காலம் வரைக்கும் வீரியம் குறையாது. கொடை மனப்பான்மைக்கு ஏற்ற பொருள்: வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைகழுவலாம். ஆனால் அதைக் கையாண்டவர்களுக்கே கதிர்வீச்சு ஆபத்து இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த கோபால்ட் 60 என்ற கதிர் மூலம் அதன் இடத்தைப் பிடித்தது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கியது. 1957இல் அங்கே கோபால்ட் கருவி வந்தது.

கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 ஆண்டு. இதை நிதித்துறைக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். புதிய மூலம் வைத்த அன்று ஒரு நோயாளி மூன்று நிமிடம் படுத்திருந்தால் போதும் என்று வையுங்கள். ஐந்தேகால் ஆண்டு கழித்து அதே அளவு கதிரைப் பெற அவர் ஆறு நிமிடம் படுத்திருக்க வேண்டும். பத்தரை ஆண்டு கழித்துப் பன்னிரண்டு நிமிடம். கருவி கெட்டுப்போகவில்லை, விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, இருப்புப் பதிவேட்டில் ‘இயங்கும் நிலை’ என்றே எழுதியிருக்கும். வரிசையில் நிற்கிறவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகும். கருவிக்குப் பணம் இருந்தது, மூலம் மாற்றப் பணம் இல்லை என்ற நிலை வந்தால் நடப்பது இதுதான்.

இன்று புற்றுக்குக் கதிர் பாய்ச்சும் லீனியர் ஆக்சிலரேட்டரில் கதிர் மூலம் கிடையாது. அதனால் சிக்கல் தீர்ந்ததா? அதற்குச் சீரான மின்சாரம் வேண்டும், இடைவிடாத குளிரூட்டல் வேண்டும், மருத்துவ இயற்பியலாளர் வேண்டும், கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குத் திரவ ஹீலியம் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கோடி ரூபாய்க் கருவி போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு வழக்காடிய கதை நம் அரசாணைகளில் அன்றாடம் நடக்கிறது.

இது என் ஊகம் அன்று. தேசிய நலவாழ்வு இயக்கம் 2015ஐ ஒட்டி நாடு முழுவதும் அரசு மருத்துவ நிலையங்களில் இருந்த கருவிகளைக் கணக்கெடுத்தது. 29,115 நிலையங்களில் 7,56,750 கருவிகள். மதிப்பு ஏறத்தாழ 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, அவற்றில் 13 முதல் 34 விழுக்காடு வரை இயங்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் உயிர்மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம் பிறந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 விழுக்காடு நேரமும், சமுதாய நல நிலையங்களில் 90 விழுக்காடும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 விழுக்காடும் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ‘எத்தனை வாங்கினோம்’ என்ற கேள்வியை ‘எத்தனை நேரம் ஓடியது’ என்று மாற்றியது இதன் சிறப்பு. நோயாளியைப் பார்க்கும் கருவிக்கு வந்த இந்த ஒழுங்கு, ஆய்வகக் கருவிக்கு இன்னும் வரவில்லை. நம் மாநிலத்தில் 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலில் நாடே பார்த்துப் பின்பற்றிய முறையை உருவாக்கியது; அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்திக் காட்டியது. ஆராய்ச்சிக் கருவியின் பராமரிப்பையும் அப்படி ஓர் அமைப்பு ஏற்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

4. வாங்கும் விதியும் வரியும்

ஆராய்ச்சிக் கருவி வாங்குவது அலுவலகத்துக்கு நாற்காலி வாங்குவது போன்றதன்று என்று நம் விதிகள் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற முறையில், கருவியின் விலை ஒப்பிடப்படுகிறது. பத்தாண்டு உதிரிபாகச் செலவு ஒப்பிடப்படுவதில்லை. மலிவாக விற்றுவிட்டு வினைப்பொருளில் (ரீஏஜெண்ட்) பணம் பார்க்கும் நிறுவனங்களுக்கு இது வசதி. 2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்தியது. விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாயிற்று. கொள்முதல் குழு வழியாக 25 லட்சம் வரை வாங்கலாம். 200 கோடி வரையிலான உலகளாவிய டெண்டருக்கு நிறுவனத் தலைவரே ஒப்புதல் தரலாம். வரவேற்க வேண்டிய மாற்றம். இது வேகத்தைக் கூட்டும். ஆயுட்காலக் கணக்கைத் தானாகக் கொண்டுவராது.

வரிக்கு வருவோம். பொதுநிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்ற சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அது நீக்கப்பட்டு, பெரும்பாலும் 18 விழுக்காடாயிற்று. அரசின் ஒரு துறை தந்த மானியத்தில் ஒரு பங்கை இன்னொரு துறை வரியாக எடுத்துக்கொண்டது. ஆய்வாளர் கையில் கிடைக்கும் தொகை அந்த அளவுக்குச் சுருங்கியது.

இந்த அவையில் சொல்ல வேண்டிய இன்னொரு நுட்பம் அந்தப் பழைய சலுகையிலேயே இருந்தது. தகுதியுள்ள நிறுவனங்களை வரிசைப்படுத்திய அறிவிக்கை, ‘மருத்துவமனை நீங்கலாக’ என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தது. மருத்துவமனை நோயைப் பார்க்கும், ஆராய்ச்சி நிறுவனம் ஆராயும் என்ற பிரிவினை அது. 1908இல் அந்த விதி இருந்திருந்தால் பென்டாலின் 1,700 நோயாளிகள் ஆராய்ச்சிக் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். வாய்ப் புற்றைப் பற்றிய அறிவு நோயாளி வந்து அமரும் பெஞ்சிலிருந்து எழுந்தது. தனியாக ஓர் ஆய்வகத்திலிருந்து அன்று.

கருவியைப் பகிர்ந்துகொள்வதும் வாங்கும் விதியோடு சேர்ந்ததுதான். 1970களிலேயே சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் வட்டார நுண்கருவி மையங்கள் வந்தன. வெளியார் மாதிரி அனுப்பிக் கட்டணம் செலுத்தி ஆய்வு முடிவு பெறலாம். 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் என்ற இணைய வாயில் தொடங்கப்பட்டது. அரசுப் பணத்தில் வாங்கிய கருவி எங்கே இருக்கிறது, எப்படி முன்பதிவு செய்யலாம் என்று அதில் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் ஐந்து நிறுவனங்கள் ஐந்து நுண்கருவி வாங்கி ஐந்தும் அரைநேரம் உறங்குவதைவிட, ஒன்று வாங்கி அதற்கு முழுநேர ஆளை அமர்த்துவது மேல்.

5. சிறு கருவியும் நீண்ட காலமும்

விலை உயர்ந்ததே உயர்ந்த ஆராய்ச்சி என்ற மயக்கத்தைப் போக்க நம் பக்கத்து மாவட்டமே போதும். 1996இல் திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுப் பரிசோதனை ஆய்வு ஒன்று தொடங்கியது. பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் சாவு 34 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 2005இல் லான்செட்டில் வந்தது. கருவி என்று சொல்ல ஒரு டார்ச்சும் ஒரு படிவமும்தான். செலவு முழுவதும் ஆட்களுக்கும் ஆண்டுகளுக்கும் ஆனது.

இரண்டாவது சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிருந்து சிறிது தொலைவில் மணவாளக்குறிச்சியில் இந்திய அரிய மண் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. நம் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது இந்த மாவட்டத்தில் எழுந்த எதிர்ப்பை நீங்கள் அறிவீர்கள். ‘எங்கள் ஊரில் புற்று அதிகம்’ என்று கடற்கரையில் ஒருவர் சொல்கிறார். ‘சான்று இல்லை’ என்று அதிகாரி சொல்கிறார். இருவருக்கும் நடுவே இருக்க வேண்டிய பதிவேடு எங்கே?

கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் அதே வகை மணல். அங்கே 1990 முதல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஒரு பதிவகம் நடத்துகிறது. வீடுகளுக்குள்ளும் வெளியேயும் கதிரை அளந்து, 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். அந்த முடிவை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. சுரங்கத்தால் வரும் மாற்றம் வேறு கேள்வி. ஆனால் முறை நமக்குப் பாடம். கதிரை அளக்கும் டோசிமீட்டர் பெரிய செலவு அன்று. ஒருவர் பெயரை எழுதி, பத்தாண்டு கழித்து அதே வாசலில் போய் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பதற்கு ஆள் வைப்பதுதான் செலவு. அந்தச் செலவுக்குத்தான் நம் நிதித் திட்டங்களில் தலைப்பு இல்லை.

என்ன செய்யலாம்?

அரசு, அரசு சாராத நிறுவனம் எதற்கானாலும், கருவிக்கு வழங்கும் ஒவ்வொரு மானியத்துக்கும் நான்கு நிபந்தனைகளை முன்மொழிகிறேன். முதலாவது, கருவியின் பத்தாண்டுச் செலவு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்: பராமரிப்பு, உதிரிபாகம், வினைப்பொருள், மின்சாரம். இரண்டாவது, கருவியை இயக்குபவருக்கான பணியிடம் அனுமதிக்கப்படாமல் கருவிக்கு ஆர்டர் போகக் கூடாது. மூன்றாவது, கருவி காட்டிய தரவைப் பதிவு செய்து காக்க ஒரு நிரந்தர ஒதுக்கீடு வேண்டும். நோயாளியின் அடையாளத்தைக் காத்து, பிற ஆய்வாளரும் அதைப் பயன்படுத்த வழி வேண்டும். நான்காவது, கருவி ஓடிய நேரம், கட்டணமின்றிப் பயன்பெற்றோர் எண்ணிக்கை, வெளியாருக்குத் தந்த நேரம் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கொரு முறை நிறுவனத்தின் வாசலிலும் இணையத்திலும் வெளியிட வேண்டும்.

இப்படிச் செய்தால் வாங்கும் கருவிகளின் எண்ணிக்கை குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையும்தான். நூறு கோடிக்குப் பத்துக் கருவி வாங்கி மூன்று உறங்குவதை நாம் பார்த்தாயிற்று. அதே பணத்தில் ஆறு வாங்கி, ஆறும் பத்தாண்டு ஓடினால் மக்களுக்கு லாபம். திறப்பு விழாக்கள் மட்டும் நான்கு குறையும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனையிலாவது புதிய கருவிக்கு ரிப்பன் வெட்டும்போது கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: இதை இயக்குபவருக்குப் பணி உத்தரவு கொடுத்தாயிற்றா? ஆறாம் ஆண்டுப் பராமரிப்புப் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது? இது காட்டுவதை எழுதி வைப்பவர் யார்? மூன்றுக்கும் விடை இருந்தால் கை தட்டுங்கள். விடை இல்லையென்றால் அந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.